குழுவின் பணிகளையும் இலக்குகளையும் பணி மேலாண்மை மென்பொருளில் ஒழுங்குபடுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குழு தன் அன்றாட வேலைகளையும் காலாண்டு இலக்குகளையும் மென்பொருளுக்குக் கொண்டுசெல்ல முனையும்போது எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பொதுப்படையாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், திருப்பூரின் நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மெர்ச்சன்டைசிங் பிரிவை, அதாவது ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பலேறும் வரை பின்தொடரும் பிரிவை, எடுத்துக்காட்டாகக் கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நூல் வாங்குவது முதல் கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகம் சேர்வது வரை ஒரே ஆர்டர் பல கைகள் மாறும் தொழில் அது. யார் கையில் எது நிற்கிறது என்பது தெரியாமல் போனால் ஏற்படும் இழப்பை அங்கே மிகத் தெளிவாகக் காணலாம்.

பணி மேலாண்மை மென்பொருள் என்றால் என்ன? எக்செலும் வாட்ஸப்பும் போதாதா?

என்ன வேலை, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்கு செய்திகளையும் குழுவினர் அனைவரும் ஒரே இடத்தில் பார்க்கவும் திருத்தவும் வழிசெய்யும் மென்பொருளே இது. வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாக வரைந்து காட்டும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910களிலேயே பரப்பிவிட்டார். பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் பயன்படுத்தும் கருவிகள் பெரும்பாலும் 2000க்குப் பிறகு வந்தவை. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002இல் ஜிராவை வெளியிட்டது. பேஸ்கேம்ப் 2004இலும், சென்னையிலிருந்து இயங்கும் சோஹோவின் சோஹோ ப்ராஜெக்ட்ஸ் 2006இலும் வந்தன. ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸ், ஜஸ்டின் ரோசன்ஸ்டைனுடன் சேர்ந்து 2008இல் ஆசானாவைத் தொடங்கினார். ட்ரெல்லோ 2011இல் அறிமுகமானது.

எக்செல் மோசமான கருவி என்று சொல்ல முடியாது. ‘டி அண்ட் ஏ’ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) என்று மெர்ச்சன்டைசர்கள் அழைக்கும் கால அட்டவணை பல நிறுவனங்களில் இன்றும் எக்செலில்தான் இருக்கிறது. ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் வரை அது நன்றாகவே வேலை செய்கிறது. அந்தக் கோப்பு மின்னஞ்சலில் நான்கு பேருக்குப் போய், நான்கு பிரதிகளாகி, எது கடைசிப் பிரதி என்று கேட்கும் நிலை வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வாட்ஸப்பின் சிக்கல் வேறு வகையானது. பையர், அதாவது ஆர்டர் தந்த வாங்குநர், ஒப்புதல் தந்த செய்தி காலை 11 மணிக்குக் குழுவில் வந்திருக்கும். மாலைக்குள் எண்பது செய்திகளுக்கு அடியில் போய்விடும். மறுவாரம் சாய ஆலை ‘எந்த ஷேடு?’ என்று கேட்கும்போது, அந்தச் செய்தியைக் கண்டவரின் நினைவு மட்டுமே நிறுவனத்தின் பதிவேடாக இருக்கும். அவர் அன்று விடுப்பில் இருந்தால் துணி நிற்கும்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்விக்குப் பல குழுக்கள் தேவைக்கு மீறிய நேரத்தைச் செலவிடுகின்றன என்பது என் கருத்து. ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக எழுதி, பலகையின் நெடுவரிசைகளில் நகர்த்தினால் போதும் என்ற சிறிய குழுவுக்கு ட்ரெல்லோ எளிது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்ற சார்புகள் நிறைந்த ஏற்றுமதி வேலைக்கு ஆசானா, சோஹோ ப்ராஜெக்ட்ஸ் போன்றவை பொருந்தும். ஜிரா மென்பொருள் எழுதும் குழுக்களை மனத்தில் வைத்து வளர்ந்தது. தரவு தம் சொந்தச் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ரெட்மைன், ஓப்பன்ப்ராஜெக்ட் ஆகிய திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன; ஆனால் அவற்றைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும்.

தேர்வுக்கு முன் நான்கைந்து செய்திகளை நேரடியாகச் சோதித்துப் பார்ப்பது போதுமானது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதன் செயலி தடுமாறாமல் திறக்கிறதா, தமிழில் தட்டச்சு செய்த தலைப்பைத் தேடினால் கிடைக்கிறதா, வெளியாள் ஒருவருக்கு ஒரு ஆர்டரை மட்டும் காட்ட முடிகிறதா, எல்லாத் தரவையும் ஒரு நாள் வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். இலவசத் திட்டங்களின் வரம்புகள் அடிக்கடி மாறுவதால், சேரும் நாளில் அந்த நிறுவனத்தின் கட்டணப் பக்கத்தைப் படித்துக்கொள்வது நல்லது.

ஒரு பணியை எப்படி எழுத வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்று சொல்வேன். மென்பொருள் தோற்றுப்போன குழுக்களின் பலகையைத் திறந்து பார்த்தால், ‘லேப் டிப்’, ‘பேக்கிங் விஷயம்’, ‘பையர் மெயில்’ என்ற தலைப்புகளே வரிசையாகத் தெரியும். இவை பணிகளாக எழுதப்படவில்லை. எழுதியவருக்கு மட்டும் புரியும் நினைவுக் குறிப்புகளாக நிற்கின்றன.

லேப் டிப்பையே எடுத்துக்கொள்வோம். பையர் கேட்ட நிறத்தில் சிறு துணித்துண்டுகளைச் சாயமேற்றி, ஏ, பி, சி என்று சற்றே வேறுபட்ட சாயல்களாக அனுப்பி, எது சரி என்று ஒப்புதல் பெறும் படி அது. இதற்குள் குறைந்தது மூன்று பணிகள் இருக்கின்றன. சாய ஆலையிலிருந்து துண்டுகளை வாங்கி லைட் பாக்ஸில் (நிறத்தைச் சீரான ஒளியில் பார்க்கும் பெட்டி) வைத்து மூல நிறத்தோடு ஒப்பிடுவது ஒன்று. தேறியவற்றைக் கூரியரில் அனுப்புவது இரண்டாவது. ஒப்புதலைப் பெற்று, ஒப்புதலான துண்டின் ஒரு பகுதியைச் சாய ஆலைக்குச் சேர்ப்பிப்பது மூன்றாவது. ஆகவே இரண்டாவது பணியின் தலைப்பு, ‘நேவி லேப் டிப் ஏ, பி, சி மூன்றையும் பையருக்குக் கூரியரில் அனுப்பி, கூரியர் எண்ணை இங்கே பதிதல்’ என்று இருக்க வேண்டும். எது நடந்தால் முடிந்ததாகக் கொள்ளலாம் என்பது தலைப்பிலேயே இருப்பதால், ‘அனுப்பியாச்சா?’ என்று யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

அட்டையின் உள்ளே ஆர்டர் எண், ஸ்டைல் எண், நிறத்தின் குறியீடு, பையர் அனுப்பிய மூலத் துண்டின் படம் ஆகியவை இருக்கட்டும். பின்னர் நடக்கும் பேச்சும் அதே அட்டையின் குறிப்புகளில் தொடர வேண்டும். ‘பி சற்றுச் சிவப்படிக்கிறது, மீண்டும் அனுப்பவும்’ என்று பையர் எழுதினால், அந்த வரியை அப்படியே ஒட்டிவையுங்கள். நம் சொற்களில் சுருக்கி எழுதும்போது சிவப்பு காணாமல் போய்விடும்.

ஒரே பணிக்கு இருவரைப் பொறுப்பாக்கலாமா?

கூடாது. ஆசானாவும் ஜிராவும் ஒரு பணிக்கு ஒருவரை மட்டுமே பொறுப்பாளராக ஏற்கின்றன; ட்ரெல்லோவில் பலரைச் சேர்க்க முடியும் என்றாலும் ஒருவரே பொறுப்பு என்ற வழக்கத்தைக் குழுவே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வேலையைப் பலர் சேர்ந்து செய்யலாம். அது முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். பொறுப்பாளர் விடுப்பில் போகும் முன் தன் பெயரில் உள்ள திறந்த பணிகளை மற்றொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் போவதும் இந்த வழக்கத்தின் ஒரு பகுதி.

கெடு நாள்களை எப்படிக் குறிப்பது?

பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். கப்பல் ஏறும் நாள் ஜூன் 28 என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னர் ஜூன் 24 அன்று புறப்பட வேண்டும். இறுதி ஆய்வு 22. பேக்கிங் முடிவு 20. தையல் மே 28இல் தொடங்கினால்தான் ஜூன் 15க்குள் முடியும். அதற்குக் கட்டிங் மே 25. பிபி சாம்பிள் என்கிற உற்பத்திக்கு முந்தைய மாதிரிக்கு ஒப்புதல் மே 23. அந்த மாதிரியை உண்மையான சாயத் துணியில் தைக்க வேண்டும் என்பதால் துணி மே 10க்குள் வந்தாக வேண்டும். ஆகவே சாயமேற்றுதல் ஏப்ரல் 22இல் தொடங்க வேண்டும். லேப் டிப் ஒப்புதலுக்கு ஏப்ரல் 20தான் கெடு. ஆர்டர் கைக்கு வந்த நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டால், ‘இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறதே’ என்ற நிம்மதி போய், லேப் டிப் அனுப்ப ஒரு வாரம்தான் மீதமிருக்கிறது என்ற உண்மை தெரியும்.

மென்பொருளின் சார்பு வசதி இங்கேதான் தன் பயனைக் காட்டுகிறது. லேப் டிப் ஒப்புதல் நான்கு நாள் தள்ளினால் அதைத் தொடரும் எல்லாத் தேதிகளும் எப்படி நகர்கின்றன என்பதைக் காலவரைபடக் காட்சி உடனே காட்டிவிடும். சில மென்பொருள்கள் தாமே தேதிகளை மாற்றியும் தரும். ஆடையில் தொங்கவிடும் அட்டையான ஹேங்டேக் ஐந்து நாள் தாமதமானால் அவ்வளவு கவலை வேண்டியதில்லை, ஏனெனில் அது பேக்கிங்கின்போதுதான் தேவைப்படுகிறது. கழுத்தில் தைக்கும் மெயின் லேபிள் அப்படியன்று. தையல் தொடங்கும் நாளில் அது கையில் இருக்க வேண்டும். எந்தத் தாமதம் கப்பலைத் தொடும், எது தொடாது என்று பிரித்தறியும் இந்தக் கணக்கு 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவானது. இதை அறிந்த குழு தன் பதற்றத்தைச் சரியான இடத்தில் செலவிடும். அறியாத குழு எல்லாவற்றுக்கும் ‘அர்ஜென்ட்’ என்று எழுதும்.

பட்டியல், பலகை, காலவரைபடம்: எந்தக் காட்சியைப் பயன்படுத்துவது?

மூன்றுமே ஒரே தரவின் வெவ்வேறு தோற்றங்கள். தனி மனிதருக்கு ‘இன்று என் வேலை’ என்ற பட்டியல் போதும். ஆர்டர் முழுவதையும் பார்க்கக் காலவரைபடம் வேண்டும். ஒரே வகை வேலை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் சாம்பிள் பிரிவு போன்ற இடத்துக்குப் பலகையே சிறந்தது.

பலகைக் காட்சியின் தோற்றுவாய் ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறை. அதில் பலரும் விட்டுவிடுவது, ‘நடப்பில்’ என்ற நெடுவரிசையில் ஒரே நேரத்தில் எத்தனை அட்டைகள் இருக்கலாம் என்ற வரம்பை. ஜான் லிட்டில் 1961இல் கணிதமாக நிறுவிய விதி ஒன்று இதற்கு அடிப்படை தருகிறது: கையில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பது கிடைக்கும். சாம்பிள் பிரிவு நாளொன்றுக்கு 5 சாம்பிள்களை முடிக்கிறது, கையில் 40 கிடக்கின்றன என்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 8 நாள் எடுக்கும். அதே வேகத்தில் கையிருப்பை 20 ஆகக் குறைத்தால் 4 நாளில் வெளியே வரும். கூடுதல் டெய்லரையோ இரவு வேலையையோ இதற்குத் தேட வேண்டியதில்லை. வெட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கும் துண்டுகளைக் குறைத்தாலே போதும். எல்லா பையரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த எல்லாவற்றையும் தொடங்கிவைப்பது, எல்லோரையும் காக்கவைப்பதில் முடிகிறது.

இலக்குக்கும் பணிக்கும் என்ன வேறுபாடு?

பணி செய்து முடிப்பது. இலக்கு அந்தப் பணிகளால் எட்ட வேண்டிய நிலை. நிர்வாகத்தை நோக்கங்களைக் கொண்டு நடத்துவது பற்றிப் பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதினார். இன்டெல் நிறுவனத்தில் ஆண்ட்ரூ குரோவ் அதைக் கூர்மையாக்கி, ஒரு நோக்கமும் அதை அளக்கும் சில முக்கிய முடிவுகளும் என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இன்டெலில் பணியாற்றிய ஜான் டோர் 1999இல் அதைக் கூகுளுக்கு அறிமுகப்படுத்தினார். இன்றைய மென்பொருள்களில் ‘ஓகேஆர்’ (நோக்கங்களும் முக்கிய முடிவுகளும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் வருவது இதுவே.

‘ஏற்றுமதியில் சிறந்து விளங்குவோம்’ என்பது இலக்காகாது. ‘இந்தக் காலாண்டில் குறித்த நாளில் கப்பலேறும் ஆர்டர்களை 70 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடாக உயர்த்துதல்’ என்பது இலக்கு. ஆனால் அதை மென்பொருளில் எழுதிவைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தால் பயனில்லை. அதன் கீழ், ‘ஆர்டர் உறுதியான மூன்று நாளுக்குள் லேப் டிப் கேட்பு சாய ஆலைக்குப் போகும்படி செய்தல்’, ‘லேபிள் சப்ளையருக்கு முன்கூட்டியே ஆர்டர் தருதல்’ போன்ற பணிகள் இணைக்கப்பட்டு, பெயரும் தேதியும் பெற்றிருக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரு காலாண்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்று இலக்குகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏழு இலக்குகள் இருக்கும் குழுவில் ஒருவரால்கூட அவற்றைப் பார்க்காமல் சொல்ல முடிவதில்லை.

எண்ணைத் துரத்துவதால் வேலை கெடாதா?

கெடும். ஓர் அளவுகோலை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்ற கருத்து, பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. குறித்த நாளில் கப்பலேற்றுவதை மட்டும் அளந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பையரிடம் கெஞ்சித் தேதியைத் திருத்தி வாங்குவார்கள். அந்தப் புதிய தேதியில் அனுப்பியது ‘குறித்த நாள்’ என்று கணக்கில் ஏறும். செக்கிங்கில் கண்ட குறையைப் பெரிதாக்காமல் பெட்டியில் போடுவார்கள். ஆகவே அந்த எண்ணோடு, முதல் ஆய்விலேயே தேறிய ஆர்டர்கள் எத்தனை, விமானத்தில் அனுப்ப நேர்ந்த செலவு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் ஒப்புக்கொண்ட தேதியை மாற்ற முடியாத தனிப் புலமாகவும் (அட்டையில் தகவல் நிரப்பும் கட்டம்), திருத்திய தேதியை வேறொரு புலமாகவும் வைப்பது எளிய பாதுகாப்பு.

இலக்கை எட்டுவதைச் சம்பள உயர்வோடு இணைக்கலாமா?

நேரடியாக இணைக்காமல் இருப்பதே நல்லது. இணைத்தால், எட்டக்கூடிய சிறிய இலக்குகளையே எல்லோரும் எழுதுவார்கள்.

வாட்ஸப்பிலும் தொலைபேசியிலும் வரும் வேலைகளை என்ன செய்வது?

அவற்றைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வாய்மொழியாக வந்த வேலை அட்டையாக மாறாத வரை அது குழுவின் வேலையாகாது என்ற ஒரே விதி போதும். கேட்டவர் எழுத வேண்டுமா, பெற்றவர் எழுத வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். பெற்றவர் எழுதுவதே நடைமுறையில் நிலைக்கிறது.

இந்த விதி நிற்பதும் விழுவதும் முதலாளியின் கையில் இருக்கிறது. அவர் பலகையைத் திறக்காமல், ‘தம்பி, அந்த நேவி லேப் டிப் என்னாச்சு?’ என்று நாளுக்கு ஐந்து முறை அழைத்தால், மெர்ச்சன்டைசர் பலகைக்கும் பதில் எழுதி, தொலைபேசிக்கும் பதில் சொல்லி, விரைவில் பலகையைக் கைவிடுவார். ‘நேத்தே கூரியர் பண்ணியாச்சுங்க, நம்பர் கார்டுல இருக்குதுங்க’ என்ற பதிலைக் கேட்டவுடன் முதலாளி தானே அட்டையைத் திறந்து பார்க்கும் நாளில்தான் அந்த நிறுவனத்தில் மென்பொருள் உண்மையில் நடைமுறைக்கு வருகிறது.

சாய ஆலை, பவர் டேபிள் (தையல்) யூனிட் போன்ற வெளியாட்களைச் சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை, செய்யும் யூனிட் பல நிறுவனங்களுக்கு வேலை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் செயலியில் பதியச் சொன்னால் அவர் யாருடையதிலும் பதிய மாட்டார். நம் குழுவில் ஃபாலோ-அப் பார்ப்பவர் நேரில் போய், எத்தனை பீஸ் முடிந்தது என்று எண்ணி, அங்கிருந்தே படத்துடன் பதிவதே நம்பகமானது. விருந்தினர் கணக்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பையர் விலையும் மற்ற யூனிட்டுகளின் கூலியும் அவர் கண்ணில் படாதபடி தனித் திட்டமாகப் பிரித்துக் கொடுங்கள்.

இது ஊழியர்களைக் கண்காணிக்கும் கருவியாகிவிடாதா?

ஆகிவிடக்கூடும், இந்த அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பு நிறத்தில் தெரியும் தாமதமான பணிகளைக் கூட்டத்தில் வாசித்து ஒருவரைத் தலைகுனிய வைத்தால், அடுத்த வாரம் சிவப்பே இருக்காது. வேலை முடிந்திருக்காது; தேதிகள்தாம் மாறியிருக்கும். உண்மை பலகையிலிருந்து வெளியேறிவிட்ட பிறகு அந்த மென்பொருளுக்குக் கட்டும் சந்தா வீண்.

தாமதத்தைக் குற்றமாக எண்ணாமல் தகவலாக எண்ணும் வழக்கத்தை மேலிருப்பவர்களே தொடங்க வேண்டும். தேதியை மாற்றும்போது காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு புலத்தை வையுங்கள்: பையர் ஒப்புதல் தாமதம், சாய ஆலை தாமதம், மறுசாயம், லேபிள் வரவில்லை, ஆள் பற்றாக்குறை, நம் பக்கத் தவறு. சில மாதங்களில், எந்த பையர் ஒப்புதலுக்கு வழக்கமாக எத்தனை நாள் எடுக்கிறார் என்பது கைக்கு வந்துவிடும். அடுத்த ஆர்டரின் தேதியைப் பேசும்போது, தன் மீது விழவிருந்த பழியை எண்ணிக்கையோடு விலக்கிக்கொள்ள மெர்ச்சன்டைசருக்கு அது உதவும். கண்காணிப்பு என்று அஞ்சியவருக்கே அது அரணாகும். ஒருவர் எத்தனை அட்டைகளை முடித்தார் என்ற எண்ணிக்கையை மட்டும் ஆளுக்கு ஆள் ஒப்பிடாதீர்கள். ஓர் அட்டை பத்து நிமிட வேலையாகவும் மற்றொன்று பத்து நாள் வேலையாகவும் இருக்கும்.

வாராந்திரக் கூட்டத்தை எப்படி நடத்துவது?

பலகையைத் திரையில் திறந்துவைத்து நடத்துங்கள். பச்சையாக இருப்பதைப் பற்றிப் பேச வேண்டாம். நின்றுபோன பணிகள், இரண்டாம் முறை தேதி மாறியவை, அடுத்த பத்து நாளில் ஒப்புதல் வர வேண்டியவை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அரை மணி நேரம் போதும். முடிவெடுத்தவுடன் அங்கேயே அட்டையைத் திருத்திவிடுங்கள்.

அறிவிப்புகள் அளவுக்கு மீறி வருகின்றன. என்ன செய்யலாம்?

தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது, தன் பெயரைக் குறிப்பிட்டது, நாளை கெடு முடிவது ஆகிய மூன்றைத் தவிர மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

தரவுப் பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பையரின் டிசைனும் விலையும் வெளியே போகக் கூடாதவை. எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு உள்நுழைவைக் கட்டாயமாக்குங்கள். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிரும் வழக்கத்தை நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூடுங்கள். தொழிலாளரின் ஆதார் நகல், மருத்துவக் குறிப்பு போன்றவற்றைப் பணி அட்டையில் இணைக்கவே கூடாது. இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்ட பிறகு இது நிறுவனத்தின் சட்டப் பொறுப்பும் ஆகிறது. மாதம் ஒரு முறை தரவை மென்பொருளிலிருந்து வெளியே எடுத்துத் தனியே சேமித்துவையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே பையரின் ஒரே ஆர்டரிலிருந்து தொடங்குங்கள். கையில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஆர்டர்களையும் ஒரே வாரத்தில் உள்ளேற்ற முயலும் குழு, தட்டச்சு செய்தே களைத்துவிடும். புதிதாக உறுதியான ஓர் ஆர்டரை எடுத்து, அதன் தேதிகளைப் பின்னாலிருந்து போட்டு, பொறுப்பாளர்களைக் குறித்து, கப்பலேறும் வரை அந்த ஒன்றை மட்டும் மென்பொருளில் நடத்துங்கள். மற்றவை பழைய எக்செலிலேயே ஓடட்டும்.

அந்த ஆர்டர் போன பின், திட்டமிட்ட தேதியையும் நடந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவாக உட்கார்ந்து பாருங்கள். சாயமேற்றுதலுக்கு 18 நாள் போட்டு 24 நாள் ஆகியிருந்தால், 24ஐ எழுதுங்கள். விடுபட்டுப்போன பணிகளைச் சேருங்கள். துணிப் பரிசோதனை அறிக்கையும் கார்ட்டன் அளவு உறுதிசெய்வதும் முதல் முறை பெரும்பாலும் விடுபடும். இப்படித் திருத்திய திட்டத்தை வார்ப்புருவாகச் சேமித்துக்கொண்டால், அடுத்த ஆர்டருக்குக் கப்பலேறும் தேதியை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவது ஆர்டரை வேறொரு மெர்ச்சன்டைசரிடம் கொடுங்கள். அவரால் யாரையும் கேட்காமல் அந்த வார்ப்புருவை வைத்து வேலையை நடத்த முடிகிறது என்றால், மற்ற பையர்களின் ஆர்டர்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, பழைய எக்செல் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதித்துப் பூட்டிவிடலாம்.